கடல் தாண்டி அசை போட்ட எருமை

ஒரு காட்டில் ஓர் எருமை இருந்தது. பெயர் பூவாயி. பெயர் என்று ஒன்று இருப்பவர்களை அது, இது என்று சொல்வது மரியாதையில்லை. ஆகவே இனி அவள் என்றே சொல்வோம். அந்தக் காட்டில் மரங்கள் போய்ப் பால் கூட்டுறவுச் சங்கம் வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பதினோரு வருஷமும் அதிகப் பால் ஊற்றியவள் பூவாயிதான். வருஷா வருஷம் சங்கத்தில் அவளுக்கு மாலை போட்டு ஓர் எவர்சில்வர் வாளி கொடுப்பார்கள். மறுநாள் அந்த வாளியிலேயே அவளைக் கறப்பார்கள்.

பூவாயிக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. தின்றதை ஒரு தடவையாவது முழுசாக அசை போட வேண்டும். அவள் படுத்து, கண்ணை மூடி, உள்ளே போனதை மேலே கொண்டுவந்து நாலு மெல்லு மெல்லுவதற்குள் கறவைக்கார நரி வந்து முதுகில் தட்டிவிடும். பாதி மென்றதை விழுங்கிக்கொண்டு எழுந்து நிற்பாள். பதினோரு வருஷமாக இப்படியே போயிற்று.

அந்த வருஷம் வாளி விலை ஏறிவிட்டது. அதனால் சங்கத்தில் வேறு பரிசு கொடுத்தார்கள்: கரீபியன் தீவு ஒன்றில், கடற்கரை விடுதியில், ஏழு நாள். சாப்பாடு, குடி, கூத்து எல்லாம் அதிலேயே அடக்கம்.

"ஏழு நாளும் நான் என்ன செய்யோணுமுங்க?" என்று கேட்டாள் பூவாயி.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றது சங்கத்துச் செயலாளர் முயல்.

பூவாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

விடுதி வாசலில் ஒரு பச்சை உடும்பு வரவேற்றது. மஞ்சள் பட்டை ஒன்றை அவள் கையில் கட்டிப் பார்த்து, எட்டாமல், கொம்பில் கட்டியது. "இது இருக்கும்வரை இங்கே எல்லாம் உங்களுடையது. ஒரே ஒரு விதிதான். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து உணவை வெளியே கொண்டுவரக் கூடாது. மீறினால் பட்டையை வெட்டி உங்களை ஊருக்கு அனுப்பிவிடுவோம்."

பூவாயி கூடத்தில் இருந்த கீரை வகைகளைத் தின்று முடித்தாள். மேசையில் அலங்காரத்துக்கு விரித்திருந்த வாழை இலையையும் தின்றாள். கடற்கரைக்குப் போய், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல, ஒரு சாய்வு நாற்காலியில் துண்டைப் போட்டாள். நாற்காலி தாங்காது என்பதால் அதன் பக்கத்தில் மணலில் படுத்தாள். முதல் வாய் மேலே வந்தது. மெல்லத் தொடங்கினாள்.

விசில் சத்தம் கேட்டது. காவல்காரக் கூழைக்கடா எதிரே நின்றது.

"என்ன மெல்றீங்க?"

"மத்தியானம் தின்னதுங்க."

"கூடம் ரெண்டரைக்கே மூடியாச்சு. அப்ப வெளியே கொண்டுவந்திருக்கீங்க."

"நான் கொண்டுவரலீங்க. அதுவா மேல வருது."

கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே தொங்கிய பையில் ஏழெட்டு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. பூவாயி பார்த்தாள். விருந்துக்கு வந்த இடத்தில் கேட்டால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டாள். ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உணவைக் கொண்டுவந்த பாத்திரம்' என்ற இடத்தில் 'முதல் வயிறு' என்று நிரப்பினாள். இன்னொரு தடவை மென்றால் பட்டை போய்விடும் என்றார்கள்.

மறுநாளிலிருந்து பூவாயி மெல்லவில்லை. மெல்ல நேரமும் இல்லை. பத்து மணிக்கு நடனம், பதினொன்றுக்குத் தம்போலா, நாலு மணிக்கு ஒற்றைக்காலில் உடற்பயிற்சி. எல்லாவற்றுக்கும் ஒரு பூநாரை வந்து எழுப்பியது. "விடுமுறையில் சும்மா இருக்கக் கூடாது" என்றது. அது தட்டியதும் முதுகில்தான்.

மூன்றாம் நாள் வயிறு மத்தளம்போல உப்பிவிட்டது. அசை போடாத எருமை அதிக நாள் தாங்காது. மென்றால் திரும்பவும் நரி; மெல்லாவிட்டால் சாவு. எருமைமேல் மழை பெய்த மாதிரி என்று ஊரெல்லாம் சொல்கிறோம். அன்றைக்கு அந்த எருமை அழுதாள்.

அழுதுகொண்டே மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளர் ஒரு கீரி. பலகையில் 'திரு. மூட்டூ' என்று போட்டிருந்தது. முத்து என்ற பெயர் கப்பலில் போய், உப்புக்காற்று பட்டு, நாலைந்து தலைமுறையில் அப்படி ஆகியிருந்தது.

"விதி விதிதான்" என்றார் மூட்டூ, தலை நிமிராமல்.

கடல் கடந்த இடத்தில் எதுவும் நடக்காவிட்டால் நம்மவர்கள் கடைசியாகக் கேட்பதைப் பூவாயியும் கேட்டாள். "உங்களுக்கு எந்த ஊருங்க?"

"இந்தத் தீவுதான். எங்க பாட்டனுக்குப் பாட்டன் இந்தியாவிலேர்ந்து வந்தாரு. கரும்புத் தோட்டத்துல எலி பிடிக்கக் கூட்டி வந்தாங்க."

"அப்ப நம்ம பக்கந்தானுங்க."

மூட்டூ தலை நிமிர்ந்தார். அவரை யாரும் அப்படிச் சொந்தம் கொண்டாடியதில்லை.

"எலியெல்லாம் பிடிச்சாருங்களா?"

மூட்டூ எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எலி ராத்திரியில வரும். நாங்க பகல்ல வேலை பார்ப்போம். நூத்தம்பது வருஷமா ரெண்டு பேரும் சரியாச் சந்திச்சதே இல்லை. வேலை போகலையே. இன்னிக்கு நான் மேலாளர்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த விதி விருந்தாளிக்குத்தாம்மா. வேலை செய்றவங்களுக்கு இல்லை. கூழைக்கடா பையைப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேனுங்க."

"நீச்சல் குளத்துல ஒரு வேலை காலியா இருக்கு. யாராவது மூழ்கினா காப்பாத்தணும். நாளெல்லாம் தண்ணியில கிடக்க முடியுமா?"

பூவாயிக்கு வேறெதுவும் அவ்வளவு நன்றாகத் தெரியாது.

பட்டையை வெட்டிவிட்டுக் கழுத்தில் விசில் மாட்டினார்கள். பூவாயி இறங்கியதும் குளம் நிறைந்தது. முதல் வாய் மேலே வந்தது. மென்றாள். கூழைக்கடா வந்து பார்த்தது. சல்யூட் அடித்துவிட்டுப் போயிற்று. சாயங்காலம்வரை மென்றாள். வயிறு இறங்கியது. அவள் வந்த அன்றே வந்திறங்கிய மற்ற விருந்தாளிகள் ஏழாம் நாள் நொண்டிக்கொண்டே பஸ் ஏறிப் போனதைக் குளத்திலிருந்தபடி பார்த்தாள்.

எருமை கிடக்கும் குளத்தில் யாரும் இறங்கவில்லை. யாரும் இறங்காததால் யாரும் மூழ்கவில்லை. வருஷக் கடைசியில், விடுதி சரித்திரத்தில் இப்படி ஒரு வருஷம் இருந்ததில்லை என்று பூவாயிக்குச் சிறந்த ஊழியர் விருது கொடுத்தார்கள். மூட்டூவே மாலை போட்டார். பரிசு, ஏழு நாள் விடுமுறை.

பூவாயி நடுங்கிப்போனாள். "அதொண்ணும் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாக வேலைக்குத் திரும்பினாள்.

நீதி: ஓய்வு வேண்டுவோர் விடுமுறையை நம்பாமல், காலாகாலத்தில் ஒரு நிரந்தர வேலையைத் தேடிக்கொள்ள வேண்டும்.