தாய்மாமன் லென்ஸ் வாங்கிய படலம்

வாழ்க சிவசங்கர்! கல்வராயன் மலையில் பெய்த மழையெல்லாம் இறங்கிவந்து கரும்பாகவும் மரவள்ளியாகவும் எழுந்து நிற்கும் கள்ளக்குறிச்சிச் சீமையிலே, சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடைக்குத் தனிப்பெரும் தலைவனும், கோகிலவாணி என்னும் பெருமாட்டிக்கு உடன்பிறந்த ஒரே தம்பியும், அவள் பெற்ற மக்களுக்கு மாற்று இல்லாத் தாய்மாமனும், மிக்ஸி வாங்குவதானாலும் வீடியோ பார்க்காமல் வாங்காத முன்யோசனைப் பெருமானும் ஆகிய சிவசங்கரே, நீ வாழ்க! கலைமகளே, உன் நாலு கைகளில் ஒன்றை எனக்குக் கொஞ்ச நேரம் இரவல் தா. அவன் கேமரா வாங்கிய கதையைச் சொல்லி முடிக்க எனக்கு இருக்கிற இரண்டு கை போதாது.

போருக்குக் காரணம் ஒரு ஆணி.

உளுந்தூர்பேட்டையில் கோகிலவாணி வாழ்க்கைப்பட்ட வீட்டின் கூடத்துச் சுவரில், நாத்தனார் பிள்ளைகளும் கொழுந்தனார் பிள்ளைகளும் காது குத்திய கோலத்தில் அழுதபடி கண்ணாடிச் சட்டங்களுக்குள் வீற்றிருக்க, நட்டநடுவே ஒரே ஒரு ஆணி மட்டும் ஒன்றும் மாட்டப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய மூத்த மகனின் காதுகுத்துப் படத்துக்காக அடித்த ஆணி அது. ஸ்டூடியோக்காரர் எதற்கு, நான் இருக்கிறேன் என்று அப்போது அபயம் அளித்தவன் நம் வீரன்தான். தாய்மாமன் மடியில் பிள்ளையை இருத்தி, செல்போனை நீட்டிய கையில் ஏந்தி, செல்ஃபி செல்ஃபியாக எடுத்துத் தள்ளினான். அன்று மாலையே கல்வராயன் மலைமேல் கரியாலூர்ப் பக்கம் அருவி பார்க்கப் போன இடத்தில், அருவியோடும் ஒன்று எடுக்கலாமே என்று வழுக்குப் பாறையில் கால் வைத்தான். அவன் பிழைத்தான். செல்போன் பிழைக்கவில்லை.

அன்று முதல் அக்காள் அந்த ஆணியைப் பிடுங்கவும் இல்லை, அதில் வேறெதையும் மாட்டவும் இல்லை. தம்பி வரும்போதெல்லாம் அதற்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தாள்.

இப்படி இருக்கையில் இளையவள் சுபஸ்ரீக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். அக்காள் போனில் ஆணையிட்டாள்: “இந்த வாட்டியும் போட்டோ இல்லாமப் போச்சின்னா என் வூட்டு வாசப்படிய மிதிக்காதடா.”

சிவசங்கர் எழுந்து நின்றான். மனைவி தேவிப்ரியா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்திருக்க, சுற்றம் கேட்க, சுவர்ப்பல்லி சாட்சியாக, வஞ்சினம் கூறினான்: இனிச் செல்போனால் எடுக்கேன்; ஊர் மெச்சும் கேமரா ஒன்று கொணர்வேன்; அதைக் கொண்டு மருமகளின் காதில் ஊசி இறங்கும் நொடியைச் சிறைப்பிடிப்பேன்; பிடியேனாயின் என் கடையில் விற்ற குழாய் அத்தனையும் வெயில் காலத்தில் அடைத்துக்கொள்வதாக! அவனுக்கு அக்காள் என்றால் உயிர், பாவம்.

பிறகு தவம். வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரத்தில்தான் நெட் ஒழுங்காக வரும் என்பதால், முன்னாள் மன்னர்களைப் போலவே அவனும் வடக்கிருந்தான். யூடியூப் என்னும் கரைகாணாக் கடலிலே, ‘வணக்கம் நண்பர்களே’ என்று தொடங்கும் குருமார் பலர் தோன்றி, சப்பான் தேசத்து இருபெருங் கேமராக் குடிகளில் எக்குடி உயர்ந்தது என்று ஒருவரை ஒருவர் மறுத்து முழங்க, உள்ளே கண்ணாடி வைத்த கேமரா மேலா, அது வைக்காத மிரர்லெஸ் மேலா என்று வேறு சிலர் ஊடே புகுந்து கலகம் செய்ய, கேட்கக் கேட்க நம் வீரனுக்கு ஞானம் பெருகிப் பசி குறைந்தது. குழாய் வாங்க வந்த மரவள்ளி விவசாயிகளுக்கு லென்ஸில் ஒளி புகும் துளையாகிய அப்பர்ச்சர் பற்றி அவன் விளக்கினான். தேவிப்ரியாவுக்கோ சாப்பாட்டோடும் காபியோடும் தினமும் ஒரு பாடம் நடந்தது. அவள் ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்தாள்.

தவத்தின் முடிவில் அவனுக்குக் கிட்டிய தரிசனம் ஒன்றே. கேமராவோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸ் இழிந்தது. ஜூம் இல்லாத ஐம்பது எம்எம் லென்ஸே உயர்ந்தது. ஏனெனில் அதில்தான் முகம் மட்டும் தெளிந்து, பின்னால் இருக்கும் உலகம் வெண்ணெயாக உருகும். அந்த உருகலுக்கு ப்ளர் என்று பெயர்.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில், ஏசி ஓடும் கோட்டைக்குள், அஜித்குமார் என்னும் கடைக்காரர் பெட்டிகளை அடுக்கி அரண் அமைத்து நின்றார். “சார், ஃபேமிலி போட்டோவுக்கு இந்தக் கிட் லென்சே ஜாஸ்தி. ஜூமைப் பதினெட்டு எம்எம்முல வச்சீங்கன்னா மண்டபமே உள்ள வுழும்.”

“எனக்கு ப்ளர் வேணும்” என்று முரசறைந்தான் சிவசங்கர்.

அஜித்குமார் மூலைக்கு மூலை மறித்தார். சிவசங்கர் குருமார்களின் வாசகங்களை அம்பாறாத்தூணியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எய்தான். பக்கத்தில் சார்ஜர் வாங்க வந்தவர்கள் சார்ஜரை மறந்து நின்றார்கள். இடையே தேவிப்ரியா, தராசு முள்ளைப் போல் நடுவில் நின்று கேட்டாள்: “இன்னாங்க, அக்கா வூட்டு ஜனம் அத்தினி பேரும் இந்தக் குட்டி லென்சுல வுழுவாங்களா?”

அவளுடைய அறியாமைக்கு இரங்கும் ஞானியைப் போல் அவன் புன்னகை பூத்தான். “ஜூம்ங்கிறது நம்ம கால்ல இருக்குது தேவி. ஆளு வுழலன்னா நாம பின்னால போய்க்கினே இருக்கணும்.”

கடைசியில் கிட் லென்ஸ் இல்லாமல் கேமராவைத் தனியாகத் தர முடியாது என்று அஜித்குமார் கையை விரித்துவிட்டதால், பகைவன் மகளைப் பணயமாகக் கொண்டுபோவது போல அதையும் கொண்டுபோனான். வீட்டுக்கு வந்ததும் பெட்டியோடு பரணில் எறிந்தான். தேவிப்ரியா ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்து, கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஒத்திகைப் போரில் வாகை அவனுக்கே. வாழைப்பூ, கன்றுக்குட்டி, மனைவி மூவரும் ப்ளர் பெற்றனர். தன் படத்தைத் தேவிப்ரியா வெகுநேரம் பார்த்தாள். “ஒரு கண்ணு நல்லாத் தெரியுது. ஆனா காதே தெரியலயே. காது குத்துறதுக்குத்தான இதை வாங்கினோம்?”

அது கலை என்று அவன் சொல்லிவிட்டான்.

காதுகுத்து நாளும் வந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில், புளியமர நிழலில், தகரக் கொட்டகைக்குள் வீற்றிருக்கும் சுபஸ்ரீயின் தகப்பன்வழிக் குலதெய்வத்தின் முன்னே, உளுந்தூர்பேட்டைச் சேனை வேன் வேனாக வந்து இறங்கியது. பட்டுப்புடவைகள் சலசலக்க, வெள்ளை வேட்டிகள் விறைக்க, சீர்த்தட்டுகள் கேடயமெனப் பளபளக்க, அச்சேனை கொட்டகையின் முன் அணிவகுத்து நின்று, “மாப்ள, எடு” என்றது. சிவசங்கர் கேமராவைக் கண்ணில் பொருத்தினான். ஐம்பது எம்எம்மில் மூன்று பேர் தெரிந்தார்கள்.

பின்வாங்கினான். ஐந்து பேர். இன்னும் பின்வாங்கினான். சுபஸ்ரீயின் பெரியப்பா படத்துக்குள் வந்தார், பெரியம்மா வரவில்லை. போரில் புறமுதுகு காட்டியவனை இந்த மண் பாடியதில்லை. ஆனால் முகத்தைப் பகைவர்மேல் வைத்துக்கொண்டே, ஓரடியும் திரும்பாமல், செருப்புகளைக் கடந்து, வேனைக் கடந்து, கட்டிப்போட்ட கிடாயையும் கடந்து இவ்வளவு தூரம் பின்வாங்கிய வீரனை யார் கண்டார்? “யோவ், இன்னா இது, அண்டாவுல வுழப் போறியா!” என்று சமையல்காரர் முனியன் கரண்டியை ஓங்கிக் கத்தியபோதுதான் முதுகில் அடுப்பின் வெப்பம் உறைத்தது. அப்போதும் பெரியம்மா முழுதாக வரவில்லை.

அந்நேரம் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. மலையே திரும்பிப் பார்த்திருக்கும்.

“தாய்மாமன் எங்கப்பா? வந்து குந்தச் சொல்லு, நேரமாவுது!”

சிவசங்கரின் கால்கள் நின்றன. சென்ற முறை அவன் மடியில் பிள்ளையும் கையில் செல்போனுமாக இருந்தான். செல்போனுக்கு முன்னும் பின்னும் கண் உண்டு. இந்தக் கேமராவுக்கோ முன்னால் மட்டும்தான். இத்தனை வீடியோ பார்த்தும், இத்தனை குருமாரை வணங்கியும், மருமகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தான்தான் என்பதும், அந்த நொடியைப் படம் பிடிக்க முடியாத ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் தான்தான் என்பதும் இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கண்ணுக்குள் அந்த ஆணி வந்து நின்றது.

ஆனாலும் வீரன் அல்லவா! மணையில் அமர்ந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் மணக்கும் சுபஸ்ரீயை மடியில் இருத்திக்கொண்டு, அந்தக் கனத்த கேமராவை ஒற்றைக் கையால் திருப்பித் தன்னை நோக்கி நீட்டினான். அவ்வளவு கிட்டத்தில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் லென்ஸ் கர்ர் கர்ர் என்று உறுமியது. காது குத்தும் ஆசாரி ஊசியை எடுத்தபோதுகூட அழாத குழந்தை, அந்தக் கறுத்த ஒற்றைக் கண்ணைப் பார்த்ததும் வீறிட்டது.

“டேய், அந்தப் பொட்டியக் குடுத்துட்டுப் புள்ளயப் புடிடா!” என்றாள் கோகிலவாணி. குரல் உடைந்திருந்தது.

தேவிப்ரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கணவன் கையிலிருந்து கேமராவை வாங்கினாள். கைப்பையைத் திறந்தாள், கைக்குட்டையைப் பிரித்தாள், ஐம்பதைக் கழற்றினாள், கிட் லென்ஸைத் திருகினாள், எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும் பச்சைக் கட்டத்தில் டயலை வைத்தாள். சாப்பாட்டோடு கேட்ட பாடம் எல்லாம் வீண் போகவில்லை. எதிரே நாலடி தள்ளி மண்டியிட்டாள்.

அந்தோ, ஆட்டோவா! நம் வீரன் பொறுப்பானா? ஒரு கையால் குழந்தையின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையை நீட்டி, “அப்பர்ச்சரு! ஐஎஸ்ஓ பாரு! ஏய், ஃபோகஸு!” என்று அவன் முழங்க, ஊசி இறங்க, உறவெல்லாம் குலவையிட, தேவிப்ரியா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

வாழிய அந்த ஆணி! காத்துக் காத்துத் துருவேறிய பின்னும் தன் கடமையை மறவாத அந்த ஆணியிலே, உளுந்தூர்பேட்டைக் கூடத்தின் நட்டநடுவே, ஆசாரியின் விரலும் அக்காளின் ஈரக் கண்ணும் பெரியம்மாளின் முழு உருவமும் மாமன் சட்டையை இறுகப் பற்றிய மருமகளின் சின்னக் கையும் மங்காமல் மறையாமல் துலங்க, கண்ணாடிச் சட்டம் ஏறி வீற்றிருக்கிறது அப்பெரும்படம். தம்பி வந்தால் அக்காள் இப்போதும் அதே இடத்தில்தான் நாற்காலி போடுகிறாள், காபி கொடுக்கிறாள், ஆனால் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். வேறு நல்லதாக ஒன்றைப் பிரிண்ட் போடக்கூடாதா என்று அவனும் கேட்டுப் பார்த்துவிட்டான்.

எல்லாப் படத்திலும் அவன் வாயைப் பிளந்துகொண்டுதான் இருக்கிறான்.