பெண் பார்க்கப் போய் வெளியே நிற்கிறேன்

தாராவி, பம்பாய்,
1964 ஐப்பசி

அன்புள்ள மைத்துனன் வெயிலுமுத்துவுக்கு அத்தான் காசிராஜன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் அக்காள் தங்கத்தாய் சௌக்கியம். அவளால் நான் சௌக்கியமாக இல்லை.

போன வாரம் பக்கத்து அறைப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்துபோனதிலிருந்து இவள் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டால், "என்னய நீங்க பாக்கவே வரலியே, உங்க மதினிதான வந்தாவ" என்கிறாள். எங்கள் கல்யாணம் பேசியபோது எனக்கு பம்பாயில் லீவு கிடைக்கவில்லை. தாலி கட்டும்போதுதான் முகத்தைப் பார்த்தேன். அதற்கு இப்போது என்ன செய்ய என்றேன். ஞாயிற்றுக்கிழமை முறையாக வந்து பார்க்கணுமாம். பஜ்ஜியாவது கிடைக்குமே என்று தலையாட்டித் தொலைத்தேன். அன்று காலையிலேயே, மாப்பிள்ளை பெண் வீட்டில் குளிக்கக் கூடாது என்று வெளியே தள்ளிவிட்டாள். எதிரே தோல் பட்டறை வைத்திருக்கிற நம்ம ஹமீது வீட்டில் குளித்து, அவனும் அவன் பெஞ்சாதி ஷரீஃபுன்னிசாவும் பூ, வெற்றிலையோடு முன்னால் நடக்க, சால் என்கிற எங்கள் வரிசைக் குடியிருப்பு முழுக்க வேடிக்கை பார்க்க, என் வீட்டுக்கே நான் விருந்தாளியாகப் போனேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு டீ கொண்டுவந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. டீ சாஸரில் சிந்திற்று. சிந்தினதையும் சேர்த்துக் குடித்தேன். "பொண்ணு புடிச்சிருக்காண்ணே?" என்று ஹமீது கேட்க, அத்தனை பேர் முன்னால் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? மாப்பிள்ளைக்கு வயது கூடத் தெரிகிறது, யோசித்துச் சொல்லியனுப்புகிறேன் என்று கதவைச் சாத்திவிட்டாள்!

அன்றிலிருந்து பட்டறையில்தான் படுக்கை. தோல் வாடை தலைக்கேறுகிறது. கஞ்சியும் என் பிரஷர் மாத்திரையும் மட்டும் 'பெண் வீட்டிலிருந்து' வேளை தவறாமல் வருகின்றன. மூக்குக் கண்ணாடி கேட்டுப் போனால் ஜன்னல் வழியாக நீட்டுகிறாள். விளையாட்டு போதும் என்று கத்தினேன். அதற்கு அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அப்ப எங்கிட்ட யாரும் சம்மதம் கேக்கல. இப்பதான் கேட்டிருக்காவ. நான் யோசிக்காண்டாமா?"

நீ தம்பிதானே, உடனே கிளம்பி வந்து அவளுக்குப் புத்தி சொல்லு. பிள்ளைகளுக்கு என் அன்பும், உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் இருவர், இல்லை, என் ஒருவன் ஆசியும்.

இப்படிக்கு,
காசிராஜன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது ஷரீஃபுன்னிசா வந்தாள். பெண்ணுக்குச் சம்மதமாம். கேட்டதும் ஓடிவருவேன் என்று நினைத்திருக்கிறாள் உன் அக்காள். நானும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியனுப்பிவிட்டேன். சாயங்காலம் நேரில் போய்ச் சொல்ல வேஷ்டியை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன். நீ கிளம்பி வராதே. கல்யாணப் பேச்சு கூடிவருகிற நேரத்தில் நடுவே புகுந்து கெடுத்துவிடாதே.