ஏழாம் டேபிளுக்கு மேலே வானம்

டீயை உறிஞ்சிக்கொண்டே பங்கிராஸ் அண்ணாந்து பார்த்தார். வானம் தெரிந்தது.

வெட்டவெளியில் நின்று பார்த்தால் வானம் தெரிவதில் தப்பில்லை. ஆனால் அவர் நின்றது, சின்னமனூரைத் தாண்டி கம்பம் ரோட்டோரம் இருக்கும் ஒரு ஹோட்டலின் உச்சியில், இருபதடி உயரத்துக்குத் தகரக் கூரை போட்ட மொட்டைமாடி ரெஸ்டாரண்டில். அந்த ஹோட்டலுக்கு அவர்தான் மேனேஜர். இரண்டு வருடமாகக் காலை டீயை அவர் அங்கேதான் குடிக்கிறார். ஏழாம் நம்பர் டேபிளுக்கு மேலே தெரிய வேண்டியது, செங்கல் சூளைப் புகையும் ரோட்டுப் புழுதியும் அப்பிய தகரம். தெரிந்ததோ, ஒரு தகரம் அகலத்துக்கு, பன்னிரண்டடி நீளத்துக்கு, வெள்ளை மேகம் ஓடிக்கொண்டிருந்த வானம்.

டீ கிளாஸ் நழுவி விழுந்து உடைந்தது. அந்தச் சத்தமே பங்கிராஸ் காதில் யார் தலையிலோ தகரம் விழுந்த மாதிரி கேட்டது.

ஆடி மாதம். அம்மியே பறக்கும் என்று சொல்லிவைத்த மாதத்தில் தகரத்துக்கு என்ன கேடு? லீவு முடிந்து நேற்று இரவு ராயப்பன்பட்டியிலிருந்து வரும்போது, அவர் ஓட்டிய மொபெட்டையே காற்று மூன்று முறை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டது. பன்னிரண்டடித் தகரம், நாலு பக்கமும் கத்தி மாதிரி விளிம்பு. சுழன்று சுழன்று போய், யாரோ ஒரு அப்பாவி வாசலில் பல் விளக்கிக்கொண்டு குனிந்து நிமிரும்போது...

"மாதாவே!" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டார் பங்கிராஸ்.

தகரம் பறந்ததுகூடப் பெரிதில்லை. ரிஜிஸ்டர்தான் பெரிது. ஓனர் முத்துராஜா தேனிக்காரர். மூன்று ஹோட்டல் வைத்திருப்பவர். "மாசம் ஒருக்கா மேனேஜரே கூரைமேல ஏறணும். ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பாக்கணும். பாத்துட்டு எழுதி, கையெழுத்துப் போடணும்" என்பது அவருடைய சட்டம். பங்கிராஸோ ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றினாலே கொடைக்கானலிலிருந்து பள்ளத்தைப் பார்த்தது போலத் தலை சுற்றுகிறவர். ஆகவே அவர் தரையில் சேர் போட்டு உட்கார்ந்தபடியே மாதாமாதம் ஏறினார். நாலு நாளுக்கு முன்புகூட எழுதியிருந்தார்: 'நானே ஏறிப் பார்த்தேன். எல்லா போல்ட்டும் இறுக்கம்.'

இருபத்துநாலு கையெழுத்து. கீழே ஒரு பிணம் கிடந்தால், வேலை போவதோடு முடியாது, ஜெயில்தான். மதுரை ஜெயிலா, பாளையங்கோட்டையா என்பது மட்டும்தான் பாக்கி.

"அண்ணே, என்னண்ணே கிளாஸை உடைச்சுப்புட்டீக?" சர்வர் ரெக்ஸ் துடைப்பத்தோடு வந்தான்.

"ஏலே, மேல பாக்காத!"

உடனே ரெக்ஸ் மேலே பார்க்கப் போனான். பங்கிராஸ் பாய்ந்து அவன் தலையைப் பிடித்துக் கீழே அமுக்கினார்.

"ஒரு தகரம் பறந்துபோச்சுடா. வெளிய தெரிஞ்சா என் சோலி முடிஞ்சது. ஸ்டோர்ல ஷாமியானாத் துணி கிடக்குல்ல, அதைக் கொண்டா. குறுக்குக் கம்பியில கட்டி ஓட்டையை மறைச்சிருவோம்."

"அண்ணே, நேத்து நீங்க இல்லாதப்ப..."

"நேத்துக் கதையெல்லாம் நாளைக்குச் சொல்லு. ஓடு!"

ஒரு தேங்காயில் கயிறு கட்டிக் குறுக்குக் கம்பிக்கு மேலே எறிந்தார்கள். முதல் தேங்காய் கல்லாவில் விழுந்தது. இரண்டாவது, மூணாறுக்குப் போகிற வழியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த சசிதரன் என்ற கோட்டயத்துக்காரரின் சாம்பாரில் விழுந்தது. மூன்றாவது ஒருவழியாகக் கம்பியைத் தாண்டியது. மஞ்சளும் ரோஸுமாகக் கோடு போட்ட கல்யாணத் துணி, ஏழாம் டேபிளுக்கு மேலே காற்றில் உப்பி, எட்டு மாதக் கர்ப்பிணி வயிறு மாதிரி தொங்கியது.

"எந்தா சேட்டா இது?" சட்டையைத் துடைத்தபடி கேட்டார் சசிதரன். "நல்ல வெளிச்சம் வந்துட்டு இருந்துச்சே?"

"ஆடி ஸ்பெஷல் டெக்கரேஷன் சார்" என்றார் பங்கிராஸ். சொன்ன பல் தந்தியடித்தது.

ஓட்டை மறைந்துவிட்டது. ஆனால் தகரம் எங்கே? காற்று கம்பத்திலிருந்து தேனியைப் பார்த்து அடிக்கிறது. அப்படியென்றால் சீலையம்பட்டிப் பக்கம்தான் விழுந்திருக்க வேண்டும். பங்கிராஸ் மொபெட்டை முடுக்கினார். வழியில் தெரிந்த ஒவ்வொரு வாழையும் தலை போனவன் நிற்கிற மாதிரியே தெரிந்தது. எதிரே சங்கூதிக்கொண்டு ஒரு 108 போனபோது, வண்டியை நிறுத்தி, அதற்குச் சிலுவை போட்டு வழியனுப்பினார்.

சீலையம்பட்டி விலக்கில் பிச்சைமணியின் டீக்கடை. அங்கே நாலு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மேனேஜரே, முகம் வெளிறிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல. இங்கன... ராத்திரி... தகரம் கிகரம் ஏதும் விழுந்துச்சா?"

"யார் தலையில?"

பங்கிராஸ் மொபெட்டிலிருந்து குதித்து இறங்கினார். "ஏன், தலையில விழுந்திருக்கா?"

"அதெல்லாம் தெரியாது. விடியக்காலம் ஒருத்தரை 108-ல ஏத்திட்டுப் போனாக. கழுத்துல என்னமோன்னு பேசிக்கிட்டாக."

கழுத்து! பங்கிராஸ் பெஞ்சில் சாய்ந்தார். அந்தத் தகரம் போலீஸ் கையில் சிக்குவதற்கு முன்னால் தன் கையில் சிக்கியாக வேண்டும். பயத்தில் மனிதனுக்கு வருகிற யோசனைக்குப் பைத்தியம் எவ்வளவோ மேல்.

"பிச்சைமணி, எங்க ஹோட்டல் தகரம் ஒண்ணு தவறிப்போச்சு. நீலக் கலர். கண்டுபிடிச்சுக் கொண்டாறவுகளுக்கு வயிறு முட்ட மட்டன் பிரியாணி. ஆனா விஷயம் ரகசியம்!"

ரகசியம் என்று சொன்னதுதான் தாமதம். டீக்கடையில் இருந்த நாலு பேரும் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார்கள்.

பங்கிராஸ் திரும்பி வருவதற்குள் ஹோட்டல் வாசலில் இரண்டு தகரம் வந்திருந்தது. பத்து மணிக்கு ஏழு. பதினொன்றரைக்குப் பத்தொன்பது. பச்சைத் தகரம், சிவப்புத் தகரம், துருப்பிடித்துச் சல்லடையான தகரம். 'கோழித் தீவனம் இங்கு கிடைக்கும்' என்று எழுதிய தகரத்தை ஒருவர் தூக்கி வந்து, "பின்பக்கம் நீலந்தான், திருப்பிப் பாருங்க" என்றார். இன்னொருவர் சைக்கிள் ஸ்டாண்டுக் கூரையை, அதன் மேல் கூடு கட்டியிருந்த காக்கையோடு கொண்டுவந்திருந்தார்.

"அண்ணே, பிரியாணி அண்டா காலி" என்றான் ரெக்ஸ். "தகரம் மட்டும் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

"இதுல நம்ம தகரம் எதுடா?"

"ஒண்ணுமே நம்ம அளவு இல்லண்ணே."

அடுத்து வந்தவர்கள் தகரத்தோடு வரவில்லை. தகரத்தைத் தேடி வந்தார்கள். முன்னால் வந்தவள் முத்துலட்சுமி. மாட்டுக் கொட்டகைக்குக் கூரை இல்லாமல் போனதால் மாட்டையே கையில் பிடித்து வந்திருந்தாள்.

"எவன்டா என் கொட்டகையை உரிச்சவன்? ஆத்தா, அந்தா நிக்குது பாரு என் தகரம்! யோவ் மேனேஜரு, பிரியாணி போட்டுத் திருட்டுத் தகரம் வாங்குறீகளா?"

"மெதுவாப் பேசுங்க தாயி..."

"நான் ஏன் மெதுவாப் பேசணும்? மழை வந்தா என் மாட்டை உங்க ஏசி ரூம்ல கட்டட்டுமா?"

அவளுக்குப் பின்னால் முப்பது பேர். அவர்களுக்கும் பின்னால், புல்லட்டில், ஏட்டு கர்ணன். பங்கிராஸ் கண்ணில் காக்கி பட்டது. அவர் மாடிக்கு ஓடினார். ஏழாம் டேபிளுக்கு அடியில் புகுந்துகொண்டார்.

மாட்டை வாசலில் கட்டிவிட்டு முத்துலட்சுமியும், கூட்டத்தில் பாதியும் பின்னால் வர, கர்ணன் மாடியேறிக் குனிந்து பார்த்தார். "மேனேஜர் சார், தகர விஷயமா ஒரு வார்த்தை..."

அந்த நேரம் பார்த்துத்தானா ஓனர் வர வேண்டும்! வாசலில் கூட்டம், மாடு, தகரமலை, காக்கை எல்லாவற்றையும் தாண்டி முத்துராஜா மாடியேறி வந்தார். மீசை துடித்தது.

"யோவ் பங்கிராஸ்! இது என்ன ஹோட்டலா, பழைய இரும்புக் கடையா?"

டேபிளுக்கு அடியிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டபடி பங்கிராஸ் வெளியே வந்தார். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"என்னைய ஜெயில்ல போடுங்க! கூரையில ஒரு தகரம் பறந்துபோச்சு. சீலையம்பட்டியில ஒரு மனுசன் கழுத்தை வெட்டிருச்சு. எல்லாம் என்னாலதான். நான் ஒரு நாள்கூடக் கூரைமேல ஏறல மொதலாளி! இருபத்துநாலு மாசமும் சேர்ல உக்காந்தே கையெழுத்துப் போட்டேன்!"

கீழே மாடு ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது.

"கழுத்தா?" ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவருக்கு வெட்டெல்லாம் இல்ல சார். வாழைத்தாரைத் தூக்கித் தோள்ல வச்சாராம், கழுத்து சுளுக்கிக்கிச்சு. இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பாரு."

பங்கிராஸுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில், முத்துராஜாவின் முகத்தைப் பார்த்துத் திரும்பப் போய்விட்டது.

முத்துராஜா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பேசினார்.

"இருபத்துநாலு மாசம். ஒரு தடவைகூட ஏறல."

"இல்ல மொதலாளி."

"ரெக்ஸ், ஏணியைக் கொண்டாந்து கூரை விளிம்புல சாத்து. அந்தத் துணியை அவுரு. ஓட்டை எம்புட்டுப் பெருசுன்னு இவரே ஏறிப் பாத்துச் சொல்லட்டும். பாத்துச் சொன்னா வேலை இருக்கு. இல்லேன்னா இப்படியே வீட்டுக்குப் போகலாம்."

ஷாமியானா அவிழ்ந்து விழுந்தது. கூட்டம் முழுக்க அண்ணாந்தது. நீளமாக, நீலமாக, மேகத்தோடு வானம். முத்துலட்சுமிகூட "ஆத்தாடி!" என்று வாயில் கை வைத்தாள்.

இருபத்துமூன்று படி உள்ள ஏணி. பங்கிராஸ் கண்ணுக்கு அது பரலோகம் வரைக்கும் போனது. முதல் படியில் கால் வைத்தார். இயேசுவின் பெயரைச் சொன்னார். நாலாம் படியில் மாதா. ஒன்பதாம் படியில் அந்தோணியார், செபஸ்தியார், சவேரியார் என்று தெரிந்த புனிதர்கள் தீர்ந்துபோய், பக்கத்து ஊர் வீரபாண்டி மாரியம்மனையும் கூப்பிட்டுக்கொண்டார். காற்று வேட்டியைக் கொடியேற்றியது. கீழே பார்த்தால் ஏட்டு எறும்பாகத் தெரிந்தார். பதினாறாம் படியில் ஏணியே ஆடத் தொடங்கியது.

"போகட்டும், மேல போகட்டும்!" முத்துராஜாவின் குரல்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, பங்கிராஸ் கடைசிப் படியில் ஏறிக் கூரையின் விளிம்பைக் கட்டிப்பிடித்தார். ஒரு முழங்காலைத் தூக்கித் தகரத்தின் மேல் வைத்தார்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வாளியும் பிரஷுமாக, ஓனர் இந்த மாதம் புதிதாக வேலைக்குச் சேர்த்த ஜக்கம்மா ஏணியடிக்கு ஓடி வந்து மேலே பார்த்துக் கத்தினாள்:

"மேனேஜரய்யா, பாத்து! வெளிச்சத்துக்குப் போட்ட அந்தக் கண்ணாடி ஷீட்டு மேல மட்டும் காலை வச்சுறாதீக, நேத்து நாள் பூரா தேச்சுக் கழுவி இப்பத்தான் அதுல வானமே தெரியுது!"