பந்தய நாய்களுக்குத் தயிர்சாதம்

ஓடப் போகிற ஜீவனை வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததால் நான் பட்ட அவமானத்தை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நியூ ஜெர்சியின் தெற்கே, பைன் மரக் காட்டை ஒட்டி எங்கள் வீடு. கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஊர் மாறிப்போன நண்பர் ஒருவரிடமிருந்து "கொஞ்ச நாளைக்குத்தான் அம்மிணி" என்று சொல்லி இரண்டு ஹஸ்கி நாய்களை வாங்கி வந்தார். மூன்று வருடத்தில் அவை எட்டாயின. பனியில் வண்டி இழுக்கிற ஜாதி. எங்கள் பக்கத்துப் பனியை நம்ப முடியாது என்பதால், காட்டு மணல் பாதையில் மூன்று சக்கர வண்டியில் பூட்டிப் பழக்கினார். ("ஊருக்கெல்லாம் கார் இருக்கு, உங்களுக்கு மட்டும் நாய் வண்டியாம்மா?" என்று கோயிலில் ஒரு ஆன்ட்டி கேட்டார். நான் பிரசாதத்தைக் கவனிப்பதுபோல் நின்றுகொண்டேன்.)

அவருடைய சட்டம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. முதல் நாள் மாலை இறைச்சியும் உலர்தீனியும். ஓடுகிற காலையில் தண்ணீர் மட்டும். வயிறு நிறைந்து ஓடினால் நாய்க்கு ஆபத்து. நான் எம்.எஸ்ஸி. படித்தவள், எனக்குப் புரிந்தது. ஆனால் இருட்டோடு இருட்டாக எட்டு ஜோடி நீலக் கண்கள் என் சமையலறை ஜன்னலையே பார்த்தால், எம்.எஸ்ஸி. என்ன செய்யும்? அவர் வண்டியைத் துடைக்கிற நேரத்தில் எவர்சில்வர் தூக்குடன் பின்பக்கம் போய், ஆளுக்கு ஓர் உருண்டை தயிர்சாதம் கொடுத்துவிடுவேன். (ஒன்று சிறியதாகப் போய்விட்டால் அதற்கு இரண்டு.) நாய்கள் கொழுத்தன. அவர் தராசைச் சந்தேகப்பட்டார். மருத்துவரைக் கேட்டார். நானும் பக்கத்தில் நின்று கவலைப்பட்டேன்.

எங்கள் மகள் காவ்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு ராணி, கருப்பன் என்ற இரண்டு நாய்களின் மேல்தான் உயிர். குழந்தைகளுக்கான அரை மைல் பந்தயத்தில் அந்த இரண்டையும் பூட்டித் தனியாக ஓட்டுவேன் என்று நின்றாள். நான் ஒரு வாரம் தூங்காமல் யோசித்து, ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். நாய் இழுத்த இழுப்பில் அவள் பிடியை விட்டுவிட்டால், பன்னிரண்டு வயதுவரை வண்டியைத் தொடக் கூடாது.

"நான் விடமாட்டேம்மா. ப்ராமிஸ்" என்றாள்.

பந்தயத்தன்றும் யாருக்கும் தெரியாமல் நாய்களுக்கு ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தேன். மீதியை, ஓடி முடித்து வந்ததும் கொடுக்கலாம் என்று தூக்கிலேயே வைத்துக்கொண்டேன். மகள் விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில், கடைசி வளைவில், பாதையோரம் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றுக்கு வெளியே போய் நின்றேன், கையில் தூக்கோடு.

காவ்யா முதலாவதாக வந்தாள்! இரண்டாவதாக வந்த பையன் எங்கேயோ பின்னால். நான் கையை ஆட்டினேன். எந்தக் கை என்று கேட்காதீர்கள். தூக்கு வெயிலில் மின்னியது.

கருப்பன் என்னைப் பார்த்தான். பாதையை விட்டான். ராணியும் விட்டாள்.

"ஆன் பை! ஆன் பை!" என்று காவ்யா கத்தினாள். எதையும் திரும்பிப் பார்க்காமல் கடந்து போ என்பதற்கு நாய் வண்டிக்காரர்கள் சொல்கிற உத்தரவு அது. அமெரிக்க அணில், அமெரிக்க முயல் எல்லாவற்றையும் அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டுக் கடந்த நாய்கள், தயிர்சாதத்தைக் கடக்கவில்லை. தடுப்புக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து என்மேல் பாய்ந்தன. தூக்கைத் தலைக்கு மேலே உயர்த்தினேன். (யோசித்துச் செய்த காரியம்.) கருப்பன் என் நெஞ்சில் இரண்டு காலையும் வைத்தான். தூக்கு கவிழ்ந்தது. கடுகும் கறிவேப்பிலையும் மாதுளை முத்துமாக என் தலையிலிருந்து தரைவரை வழிந்தது.

"நாயைத் தொடாதீங்க! வெளியாள் தொட்டா அவுட்!" என்று நடுவர் ஆங்கிலத்தில் அலறினார். சிலையானேன். காவ்யாவைப் பார்த்தேன். வண்டி சாய்ந்திருந்தது. முழங்கால் உரசி ரத்தம். ஆனால் நாய்களைப் பூட்டிய கயிறு அவள் கையில் இருந்தது.

"அம்மா, டோன்ட் மூவ். பேசாதீங்க. அழாதீங்க."

ஒரு கையால் வண்டியை நிமிர்த்தி பிரேக்கைப் போட்டாள். கயிற்றைக் கைக்குக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தாள். நாய்களை அடிக்கவில்லை, இழுக்கவும் இல்லை. பூட்ஸ் காலால் மணலைத் தள்ளிச் சிந்திய சாதத்தை மூடினாள். தின்ன ஒன்றுமில்லை என்றதும் இரண்டும் அவள் முகத்தைப் பார்த்தன. ராணியின் கழுத்துப்பட்டையைப் பிடித்துப் பாதைக்குத் திருப்பினாள். பிறகு வண்டியில் ஏறி, என்னைத் தாண்டும்போது நிதானமாகச் சொன்னாள்: "ஆன் பை."

கடந்து போனார்கள். கருப்பன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாகத்தான் வந்தாள். நின்றிருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். என் கணவர் என் தலையிலிருந்து ஒரு மாதுளை முத்தை எடுத்துப் பார்த்தார். "ஓ, இதுதான் எட்டு நாய்க்கும் வந்த வியாதியா?"

"ஏனுங்க, அவ கயிறை விடலீங்க" என்றேன். அழக் கூடாது என்று அவள் சொன்னது மறந்துவிட்டது.

"அவ விடலை. இனிமே கண்டிஷன் உனக்குத்தான் அம்மிணி."

அன்றிலிருந்து பந்தய நாட்களில் எனக்கு இடம் காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு. விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் இலை போடுவதில்லை. காவ்யாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நான்கு நாய் ஓட்டுகிறாள், கோப்பைகள் வாங்குகிறாள். அவள் ஜெயித்த ஒரு பந்தயத்தையும் நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கணவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டு ஒருமுறை கூட்டத்தில் நின்றேன். நாற்பது அடியிலேயே கருப்பன் மோப்பம் பிடித்துவிட்டான்.

வாசகர்களே, பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். மகள் ஜெயிப்பதை, அவள் வழியில் குறுக்கே வராமல், ஓர் அம்மா எங்கே நின்று பார்ப்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த பந்தயம் வருகிற சனிக்கிழமை.