பின்வீட்டு அடுப்பும் ஒரு நல்ல சேதியும்

"இந்த வருஷம் பின்வீட்டைக் குளிருக்கு நானே தயார் பண்ணப்போறேன். எவன் தயவும் வேண்டாம்!" என்று கல்பாக் தொப்பியை அழுத்திக்கொண்டு என் வீட்டுக்காரர் அறிவித்தார்.

அவர் 'நானே' என்று ஆரம்பித்த எதுவும் முடிந்ததில்லை. முடிந்தது எதுவும் நின்றதில்லை.

கிர்கிஸ்தான் மலையூரான நாரினில் எங்களுக்கு ஒரே முற்றத்தில் இரண்டு வீடு. முன்வீட்டில் நாங்கள். பின்வீட்டில் புருல் அக்கா வாடகைக்கு இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு நாலு பேர் முன்னால் வாயே திறக்காது. கடையில் உப்பு கேட்பதற்கே ரெண்டு தரம் எச்சில் முழுங்குவேன். புருல் அக்காவிடம் மட்டும் பேச்சு தானாக வரும். என் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவர் அடுப்போரம் உட்கார்ந்தால், எனக்குள் இவ்வளவு வார்த்தை இருந்ததா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் வேலையை ஆரம்பித்தார். முதலில் அடுப்பு. சுவர் உயரத்துக்கு நிற்கிற செங்கல் அடுப்பு. நடுவில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதன்மேல் சுண்ணாம்பை அப்பினார்.

"என்னங்க, அடுப்பு வெடிச்சிருக்கே?"

"எங்கே வெடிச்சிருக்கு? காட்டு!"

"இப்போ சுண்ணாம்புக்கு உள்ளே இருக்கு."

"கண்ணுக்குத் தெரியலேல்ல? அப்போ இல்லே."

அடுத்தது புகைபோக்கி. ஒரு கம்பால் தட்டினார். உள்ளே ஏதோ தொப்பென்று விழுந்தது. "கேட்டியா? சுத்தமாயிடுச்சு!" என்றார். விழுந்தது எங்கே போய் அடைத்துக்கொண்டது என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவர் காதில் விழவில்லை.

அப்புறம் ஜன்னல். இடுக்குகளில் மாவுப் பசை தடவிக் காகிதம் ஒட்டினார். வெளிப்பக்கம் ஒட்டியதைக் கன்றுக்குட்டி மத்தியானமே தின்றுவிட்டது. பசை ருசியாக இருந்திருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார். "அடுப்பா? என் கைவேலை! இனிமே அடுப்புக்காரன் இஷாக் வேற தொழில் பார்த்துக்கட்டும்!"

அன்று சாயங்காலம் புருல் அக்கா அடுப்பை மூட்டினார். புகை கதவு வழியாக வந்தது. ஜன்னல் வழியாக வந்தது. புகைபோக்கியைத் தவிர எல்லா வழியாகவும் வந்தது. கடைசியில் புருல் அக்காவும் வந்தார். கண் ரெண்டும்தான் வெள்ளை.

"தம்பி, இது வீடா, மீனுக்குப் புகை போடற கொட்டகையா?"

"புகை நல்லதுக்கா. பூச்சி பொட்டு அண்டாது."

"நானும் அண்டமாட்டேன். மாடி வீடு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். குழாயில சுடுதண்ணி ஓடி வீடே கதகதன்னு இருக்கு. வர்ற வாரம் கிளம்பறேன்."

"தாராளமாப் போங்க! வீட்டுக்கு ஆள் வரிசையில நிக்கும்!"

வாசலில் பலகை மாட்டினார். வரிசையைக் காணோம். ஒரே ஒருவர் வந்தார். வாசலிலேயே மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குப் புகை வந்த அழகைத் தெருவே பார்த்திருந்ததே.

என் வீட்டுக்காரருக்கும் உள்ளுக்குள் உதறல். "நீ சொன்னா அவங்க கேப்பாங்க. இருக்கச் சொல்லேன்."

"இஷாக்கைக் கூப்பிட்டு அடுப்பைப் பிரிச்சுக் கட்டினா இருப்பாங்க."

"இஷாக்கையா? தெருவெல்லாம் என் கைவேலைன்னு சொல்லிட்டு அவனைக் கூப்பிட்டா என் மூஞ்சியை எங்கே வெச்சுக்கறது?"

'தொப்பிக்குக் கீழேதான், எப்பவும்போல' என்று மனசுக்குள் சொன்னேன். வெளியே "சரிங்க" என்றேன்.

பின்வீட்டில் புருல் அக்கா கிண்ணங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கிண்ணமாக மறைந்துகொண்டிருந்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க நான் யாரோடு பேசுவேன்? குழந்தை நல்ல குழந்தைதான். ஆனால் பதில் சொல்லாது.

"அடுப்பைப் புதுசாக் கட்டினா இருப்பீங்களாக்கா?"

"எனக்கு மட்டும் போக ஆசையா? மாடி ஏறினா முட்டி வலிக்குது. கட்டினா நான் எங்கேயும் போகல. ஆனா உன் புருஷன் கட்டுவானாடி?"

நான் குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு எழுந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். நல்ல சேதி கொண்டுவருகிறவர் "சுயுஞ்சு!" என்று கத்திக்கொண்டே வரவேண்டும். கேட்கிறவர் முதலில் பரிசுக்கு வாக்குக் கொடுக்கவேண்டும். சேதி அப்புறம்தான். கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கினவனைப் பேரன் பேத்தி எடுக்கும்வரை தெரு விடாது.

வாசலில் நிலக்கரி வண்டி நின்றிருந்தது. என் வீட்டுக்காரரும் தெருவில் பாதிப் பேரும் மண்வெட்டியோடு அங்கேதான். எச்சிலை முழுங்கினேன். இன்னொரு தரம் முழுங்கினேன்.

"சுயுஞ்சு!"

எல்லா மண்வெட்டியும் நின்றது. என் குரலை அந்தத் தெரு அன்றைக்குத்தான் கேட்டது.

"அட, தொக்தோசுன் பொண்டாட்டிக்கு வாய் இருக்கே!" என்றார் பக்கத்து வீட்டுக் கெரிம்பாய் அண்ணன். "தம்பி, அடுத்த குழந்தை வருதுபோல!"

என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். கூட்டத்தைக் கண்டால் அவருக்குக் கை தாராளமாகிவிடும். "கேளு! என்ன வேணும்னாலும் கேளு! தந்தேன்!"

"இஷாக் அண்ணன் வந்து பின்வீட்டு அடுப்பைப் பிரிச்சுப் புதுசாக் கட்டணும். ஜன்னலுக்குப் பஞ்சு வைக்கணும். கதவுக்குக் கம்பளி அடிக்கணும்."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி விரிந்தது. "தந்தேன்னா தந்தேன்! சேதியைச் சொல்லு!"

"புருல் அக்கா வீட்டைக் காலி பண்ணலையாம்."

"பார்த்தியா!" என்று தொடையைத் தட்டினார். "நான் சொல்லல? என் வீடு மாதிரி இந்த ஊர்ல ஏது வீடு? ஆமா, திடீர்னு ஏன் மனசு மாறினாங்களாம்?"

"நீங்க அடுப்பைப் புதுசாக் கட்டறீங்கல்ல, அதான்."

"நானா? நான் எப்போ கட்டறேன்னு சொன்னேன்?"

"இப்போதாங்க."

கெரிம்பாய் அண்ணன் நிலக்கரிக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்து ஓய்ந்து அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

இஷாக் வந்தார். என் வீட்டுக்காரர் அவருக்கு மண் குழைத்துக் கொடுத்தார். கேட்டவர்களிடம், "மேற்பார்வை நான்தான்" என்று சொல்லிக்கொண்டார். முழங்கை வரைக்கும் மேற்பார்வை ஒட்டியிருந்தது.

பனி கொட்டியது. பின்வீடு கதகதவென்று இருக்கிறது. நானும் குழந்தையும் காலையிலேயே அங்கே போய்விடுகிறோம். பால் விட்ட உப்புத் தேநீர், சுடச்சுடப் பொரித்த போர்சோக் ரொட்டி, வாய் ஓயாத பேச்சு. முன்வீட்டு அடுப்போ, என் வீட்டுக்காரர் போன வருஷம் 'தானே' பழுது பார்த்தது. அதன் பக்கத்தில் தனியாக அவர் எத்தனை நேரம் உட்காரமுடியும்?

ஒரு நாள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தொப்பியிலும் மீசையிலும் பனியோடு என் வீட்டுக்காரர்.

"வீட்டுக்காரன்கிற முறையில அடுப்பு ஒழுங்கா எரியுதான்னு பார்க்க வந்தேன்க்கா."

புருல் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தாராளமாப் பாருங்க தம்பி. ஆனா இந்த வீட்டுல கதவைத் திறந்து குளிரை உள்ளே விடறவங்க ஒரு வாளி நிலக்கரி கொண்டுவரணும்."

இப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் தினமும் தன் வீட்டுக்கு வாளியோடுதான் விருந்தாளியாக வருகிறார்.