தாய்மாமன் மடியில் ஒரு ஊசி

அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதைக் குழாய் ஸ்பீக்கரில் தெரு முழுக்கச் சொல்வது சரியா, தவறா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. ஒரு நாள் சரி என்று தோன்றுகிறது. மறுநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு யோசித்தால் தவறு என்று தோன்றுகிறது. அதற்குள் பால் பொங்கி வழிந்துவிடுகிறது.

எங்கள் வில்லாபுரத்தில் அலோ அண்ணனுக்குத் தெரியாமல் யாருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. அவருக்குத் தெரிந்த பிறகு அது யாருக்கும் தெரியாமல் இருந்ததும் இல்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர் நாள் முழுக்க, "அலோ... அலோ... மைக் டெஸ்டிங்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் வேறு எந்தப் பெயர் நிலைக்கும்? தடித்த உடம்பு, கட்டம் போட்ட லுங்கி, மற்றவர்கள் பென்சில் செருகும் காதில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். அவருடைய குரலுக்கு மைக்கே தேவையில்லை. தொழில் என்று ஒன்று இருப்பதால் மரியாதைக்காக மைக்கைப் பிடித்துக்கொள்வார்.

நான் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், இந்தப் பக்கம் வைத்திய வசதி இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாம் இருந்தது. ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாமல் இருந்தது. தடுப்பூசி வைத்த ஐஸ் பெட்டியோடு நர்சம்மா வரும் நேரத்தில் குழாயில் தண்ணீரும் வரும். பெண்கள் எல்லாரும் குடத்தோடு ஓடிவிடுவார்கள். டவுனிலிருந்து டாக்டர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் வருவார். எந்த நாள் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். அவர் எழுதித் தந்த மாத்திரை, காய்ச்சல் தானாகவே விட்ட பிறகு வந்து சேரும்.

இதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று அலோ அண்ணன் திட்டம் எதுவும் போடவில்லை. ஒரு காதுகுத்து வீட்டில் அவருக்குப் பொழுது போகவில்லை. அதுதான் ஆரம்பம்.

அன்று மொய் வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் விசேஷ வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்பதை மைக்கில் சொன்னால்தான் செய்தவருக்குத் திருப்தி. நடுவில் கொஞ்சம் இடைவெளி. எதிரே புங்கமரத்தடியில் நர்சம்மா ஐஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். அண்ணன் மைக்கைத் தட்டினார்.

"அலோ... அலோ... புங்கமரத்தடியில நர்சம்மா ஒத்தையில உக்காந்துருக்காக. பாக்கவே பாவமா இருக்கு. கைப்புள்ள வச்சிருக்கவுக யாராச்சும் போயி ஒரு ஊசியப் போட்டுக்கங்கப்பா!"

கூட்டம் சிரித்தது. எப்படியும் குழந்தைகளுக்குப் புதுச்சட்டை போட்டுக் கிளப்பிக்கொண்டு வந்தாயிற்று. பந்திக்கும் நேரம் இருந்தது. எழுந்து போய்விட்டார்கள். ஐஸ் பெட்டி காலியானது. நர்சம்மா நேரே மைக்செட் இருந்த இடத்துக்கு வந்தார்.

"யாருய்யா என்னையப் பாவம்னது?"

"நாந்தான் நர்சம்மா. அடுத்து என்னைக்கு வாரீக? சொன்னீகன்னா இன்னும் கொஞ்சம் பாவமாச் சொல்றேன்."

அதன்பிறகு புதன்கிழமை என்று முடிவானது. நர்சம்மாவுக்கும் புதன், டாக்டருக்கும் புதன், மாத்திரைக்கும் புதன். இதில் டாக்டரைப் பழக்குவதுதான் சிரமமாக இருந்தது. பெரிய படிப்பு, நேரம் மட்டும் அவர் இஷ்டம். அலோ அண்ணன் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தகவல் மட்டும் சொன்னார்.

"அலோ... பொதுமக்கள் கவலப்பட வேணாம். டாக்டரய்யா கெளம்பிட்டாரு. இப்ப அவனியாபுரம் ரோட்டுல டீ குடிக்கிறாரு... வடையும் எடுத்துட்டாரு... ரெண்டாவது வடை..."

அடுத்த வாரம் டாக்டர் நர்சம்மாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். வடையை அவனியாபுரம் ரோட்டில் சாப்பிடுவதையே விட்டுவிட்டார் என்று கேள்வி.

எங்கள் தெருக்கோடியில் தறி போடும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைய. அந்தப் பெண்கள் வேலையை விட்டு எழுந்து வர மாட்டார்கள். அண்ணன் அவர்கள் வீட்டுப் பாஷையில் ஒரே ஒரு வரியை மனப்பாடம் செய்து ஸ்பீக்கரில் முழங்கினார். அவர் சொன்ன அழகைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதற்காகவே எல்லாரும் வெளியே வந்தார்கள். வெளியே வந்தவர்களை நர்சம்மா விடவில்லை.

எல்லாம் இப்படியே நல்லதாகப் போயிருந்தால் எனக்குக் கேள்வியே எழுந்திருக்காது. ஒரு புதன்கிழமை, "நாலாவது வீட்டு மருமக முழுகாம இருக்காக. நர்சம்மா, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க" என்று அறிவித்துவிட்டார். நாலாவது வீட்டுப் பெண் அதைத் தன் புருஷனிடமே இன்னும் சொல்லவில்லை. அவர் டீக்கடையில் நின்று ஸ்பீக்கர் மூலமாகத் தெரிந்துகொண்டு, சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். சந்தோஷத்தில்தான் ஓடினார். ஆனாலும் அந்தப் பெண் ஒரு வாரம் வாசலுக்கே வரவில்லை. அது அவள் வாயால் சொல்ல வேண்டிய சேதி அல்லவா?

நான் பயந்து பயந்து அண்ணனிடம் இதைச் சொன்னேன். காதிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மைக்கில் ஒரு திருகைக் கழற்றி, மறுபடியும் முடுக்கினார். "வாஸ்தவந்தான் தங்கச்சி" என்றார். மறுவாரத்திலிருந்து, வெளியே சொல்லக் கூடாத விஷயத்துக்கு மைக்கில் பேசாமல் நாதஸ்வர ரெக்கார்டு போட்டார். நாதஸ்வரம் ஒலித்தால் மாத்திரை வாங்க வேண்டியவர்கள் ஓசைப்படாமல் வந்து வாங்கிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். நாதஸ்வரம் கேட்டதும் யார் யார் போகிறார்கள் என்று பார்க்கத் தெருவே வாசலில் வந்து நின்றது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் மகள் கவிதாவுக்கு முதல் முத்தடுப்பு ஊசி போட்டபோது காய்ச்சல் வந்தது, தொடை வீங்கியது. வரும் என்று நர்சம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் நான் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, நம்பிக்கையில்லாமல் எனக்கு வைத்துப் பார்த்து, தூங்கிக்கொண்டிருந்த என் கணவருக்கும் வைத்துப் பார்த்தேன். மூவருக்கும் காய்ச்சல் என்று காட்டியது. தெர்மாமீட்டருக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்னவோ.

வீக்கம் வடிந்த அன்று என் அத்தை, அதாவது மாமியார், தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்தாத்தா, இனி எம் பேத்திய அந்த ஊசிக்காரிகிட்டத் தூக்கிட்டுப் போனே, நான் திருவாதவூருக்கு எம் மக வீட்டுக்குப் போயிருவேன். அம்புட்டுத்தான்."

இரண்டாவது ஊசிக்கான புதன்கிழமை நெருங்கியது. அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கக்குவான் இருமல். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமி இருமி மூச்சை இழுக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் நான் கவிதாவின் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். அந்த ஊசி இதற்கும் சேர்த்துத்தான் என்று படித்திருக்கிறேன். ஆனால் பெரியவர்கள் சொல்லை மீறிப் போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? போடாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? கணவரைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பயங்கரமான பதிலைச் சொல்ல முடியாது.

புதன்கிழமை வந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஸ்பீக்கர் கரகரத்தது.

"அலோ... அலோ... ரெண்டாவது தெரு கவிதா பாப்பாவுக்கு இன்னைக்கு ஊசி விசேஷம்! நாகமலை புதுக்கோட்டையிலருந்து தாய்மாமன் தட்டோட வந்து எறங்கிட்டாக! சொந்தபந்தம் எல்லாரும் வந்து சிறப்பிக்கணும்!"

கதவைத் திறந்தால், என் தம்பி. அப்போதுதான் அரும்பியிருந்த மீசை, புது வேட்டி. கையில் தாம்பாளம், அதில் தேங்காய், பழம், ஒரு ரோஸ் கவுன். பின்னால் அலோ அண்ணன், பாதித் தெரு.

"என்னடா இது?" என்றேன்.

"எனக்கென்னக்கா தெரியும்? நேத்து நம்ம ஊருக்குக் கிரகப்பிரவேசத்துக்கு மைக் கட்ட வந்த அண்ணே, 'மாப்ள, நாளைக்கு நீ மடி குடுக்கணும், குளிச்சிட்டு வா'ன்னாரு. வந்துட்டேன்."

எங்கள் வழக்கத்தில் காதுகுத்தும்போது குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். சீர்த்தட்டோடு வந்த தாய்மாமனை வாசலோடு திருப்பி அனுப்பினால், ஏழு ஊருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இது அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியும் என்பது அலோ அண்ணனுக்கும் தெரியும்.

அத்தை தட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் அண்ணனைப் பார்த்தார்.

"எலே அலோ, என்னடா கூத்து இது?"

"கூத்தில்ல பெரியம்மா, சீரு. மாமன் வெயில்ல நிக்கிறாரு பாருங்க. முதல்ல ஒரு வாய் மோரக் குடுங்க."

அத்தை மோர் எடுக்க உள்ளே போனார். திரும்பி வரும்போது பட்டுச்சேலையில் வந்தார்.

புங்கமரத்தடியில் நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இது ஆஸ்பத்திரி வேலையா, அழகர் ஆத்துல எறங்குற திருவிழாவா?" என்றார். ஆனாலும் ஊசியை எடுத்தார். தம்பியின் மடியில் கவிதா. ஊசி போட்டதும் அவள் அழுத அழுகையைவிட, புது வேட்டி நனைந்துவிட்டதே என்று தம்பி போட்ட சத்தம்தான் பெரிது. அண்ணன் ஸ்பீக்கரில் முடித்து வைத்தார்: "கவிதா பாப்பாவுக்கு, தாய்மாமன் மடியில், ஒரு ஊசீ..!"

அன்றும் காய்ச்சல் வந்தது. இந்த முறை ஈரத்துணி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அத்தை. கக்குவான் எங்கள் தெருவில் பல வீடுகளுக்குப் போனது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஊசி போடாவிட்டாலும் வராமல் இருந்திருக்குமோ? இப்படியும் யோசித்துப் பார்த்துவிட்டேன். பிறகு அந்தப் பையன் இருமியது நினைவுக்கு வந்து, யோசனையை நிறுத்திக்கொண்டேன்.

பின்னொரு நாள் அண்ணனைக் கேட்டேன். "எங்க வீட்டு விஷயம் உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சது?"

"ஒங்க அத்தை பேசுறது ஆம்ப்ளிபயர் இல்லாமலே நம்ம கடைக்குக் கேக்குதே தங்கச்சி!"

அதன்பிறகு வில்லாபுரத்தில் ஊசி என்றாலே விசேஷம். ஒரு வீட்டில் இரண்டு தாய்மாமன்கள், யார் மடி என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில், ஊசி போட்ட மறுவாரமே அதே குழந்தையோடு தந்தைவழிக்காரர்கள் வந்து நின்றார்கள்.

"போன வாரம் போட்டது அவுக பக்கத்து ஊசி. எங்க பக்கத்து ஊசியப் போடுங்க."

"ஊசிக்கு ஏதுய்யா பக்கம்?" என்று நர்சம்மா கத்தினார்.

அலோ அண்ணன்தான் தீர்த்து வைத்தார். இனி ஊசி தாய்வீட்டுச் சீர். அன்றைக்கே கொடுக்கும் போலியோ சொட்டு தந்தைவழிச் சீர். இரண்டையும் தனித்தனியாக மைக்கில் சொல்வார். இரண்டு பக்கமும் திருப்தியாகப் போனார்கள்.

என் அத்தையைக் கேட்கவே வேண்டாம். எந்த வீட்டு ஊசிக்கும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். "நம்ம வீட்டு ஊசிக்கு அவுக வந்தாகள்ல? நாம போகலேன்னா நல்லாவா இருக்கும்?"

இப்போது கவிதா பள்ளிக்கூடம் போகிறாள். அவள் தம்பிக்கும் எல்லா ஊசியும் போட்டாயிற்று. ஆனால் அலோ அண்ணனைப் பற்றித்தான் கவலை. சில மாதங்களாகப் பாட்டை அலற வைக்கிறார். "கேக்குதா? கேக்குதா?" என்று ஸ்பீக்கருக்கு அடியில் நின்றுகொண்டே கேட்கிறார். இத்தனை வருஷம் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றதில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போகும்படி நர்சம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். டாக்டர் நேரிலேயே சொன்னார். "அடுத்த புதன் போறேன்" என்கிறார். அந்தப் புதன் வந்தபாடில்லை.

ஒரு நாள் கவிதா அவருடைய லுங்கியைப் பிடித்து இழுத்து, "மாமா, உங்களுக்கு ஊசின்னா பயமா?" என்று கத்திக் கேட்டாள். அது மட்டும் அவருக்குச் சரியாகக் கேட்டுவிட்டது. அவசர அவசரமாக நாதஸ்வரம் போட்டார்.

அவருக்குத் தட்டோடு வரத் தாய்மாமன் இல்லை. பெண்டு பிள்ளைகளும் இல்லை. இதை வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது கவிதா, "என் மடியில உக்காரட்டும்மா" என்றாள். அண்ணனின் உடம்பை நினைத்து அத்தை சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் எங்களுக்குச் செய்ததை அவருக்கு நாங்கள் செய்யலாமா? அவர் காது விஷயத்தை அவருடைய மைக்கிலேயே அறிவித்து, தெருவையே திரட்டி, தட்டோடு போய் வாசலில் நின்று கூட்டிப்போகலாமா? அவர் மனசு புண்படாதா? இதைப் பத்திரிகையில் எழுதுவதே அந்தக் குழாய் ஸ்பீக்கர் வேலைதானே என்று இரண்டு முறை கிழித்துப் போட்டுவிட்டு, மூன்றாவது முறையாக எழுதுகிறேன். அதோடு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மைக்கில் அறிவித்தால் ஊருக்கெல்லாம் கேட்கும். அவருக்குக் கேட்க வேண்டுமே?

அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் ஒரு வழி சொல்லி எழுதுங்கள். கொஞ்சம் சத்தமாகவே எழுதுங்கள்.