பாக்கி இரண்டே பாடம்

கல்லூரி மாறிகள் என்று ஓர் இனம் உண்டு. அமெரிக்காவில், எங்கள் ஓஹாயோ மாநிலத்தில் எந்தக் கல்லூரி அலுவலகத்திலும் பார்க்கலாம். கக்கத்தில் தடித்த கோப்பு, உடம்பில் விட்டுவந்த கல்லூரியின் பெயர் போட்ட பனியன், வாயில் ஒரே வசனம்: "இன்னும் ஒரே ஒரு செமஸ்டர்தான்." போன வருடம் கேட்டாலும் அதேதான், அதற்கு முந்தின வருடம் கேட்டாலும் அதேதான். நாலு வருடப் படிப்பை நாலே வருடத்தில் முடிக்க அப்படியென்ன அவசரம்?

என் பக்கத்து வீட்டு வெண்டல் ஹாஃப்மேயரையே எடுத்துக்கொள்ளுங்களேன். படிப்பில் இது ஒன்பதாவது வருடம். படித்த பாடங்களைக் கூட்டினால் ஒன்றரைப் பட்டம் தேறும். கையில் ஒன்றுகூட இல்லை. முதல் கல்லூரியில் வானிலை படித்தார். இரண்டாவது கல்லூரி அதை மறுக்காமல் வாங்கி 'விருப்பப் பாடம்' என்ற, பட்டக் கணக்கில் சேராத மூட்டையில் போட்டுக் கட்டியது. பின்னால் படித்த ஸ்பானிஷ், பானை வனைதல், குழந்தை உளவியல் எல்லாம் மூன்றாவது கல்லூரியில் அதே மூட்டைக்குள் போயின. புள்ளியியலை மட்டும் மூன்று இடத்தில் மூன்று தடவை படித்தார், பாவம்.

இந்த வருடம் விஷயம் விளையாட்டில்லை. எங்கள் தெருக்கோடிப் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியர் வேலையை அவருக்கென்றே வைத்திருந்தார்கள். ஜூனுக்குள் பட்டம் வர வேண்டும், அவ்வளவுதான். பாக்கி இரண்டே பாடம். நீங்களும் நானும் என்ன செய்வோம்? பேசாமல் உட்கார்ந்து படிப்போம். வெண்டல், ஜனவரியில் நாலாவது கல்லூரிக்கு மாறினார்.

"அங்க மூட்டையப் பிரிச்சு எல்லாத்தையும் கணக்குல சேத்துக்குறாங்களாம். பாக்கியே இருக்காது" என்றார்.

"ரெண்டு பாடத்துக்குப் பயந்து ஓடுறாரு மனுஷன். சொன்னாக் கேட்டாத்தானே" என்றாள் அவர் மனைவி பெர்னிஸ்.

புதுக் கல்லூரியின் ஆலோசகர் அம்மாள் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாப் பாடமும் செல்லும் சார்."

"அப்ப ஜூன்ல பட்டம்?"

"அது எப்படி? எங்க பட்டம் வேணும்னா கடைசிப் பத்துப் பாடத்த எங்ககிட்டதான் படிக்கணும். ஒரு வருஷம் ஆகும்."

பழைய கல்லூரிக்கு ஓடினார். அங்கே அந்த செமஸ்டருக்கான பதிவு முடிந்து ஒரு வாரமாகியிருந்தது. ஜூனில் அந்த நாலாம் வகுப்புக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். செய்தி கேட்டு ஆறுதல் சொல்லப் போனால், மனிதர் கோப்பைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்.

"டேட்டன் பக்கம் ஒரு காலேஜ்ல கடைசி அஞ்சு பாடமே போதுமாம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் கடையில் உங்களுக்கு முன்னால் இரண்டே பேர் நிற்க, பக்கத்து வரிசை விறுவிறுவென்று நகர்கிறதென்று அங்கே போய்க் கடைசியில் நின்றீர்களே, அது யார் சொல்லி?